குடல்சுவரின் பசி

1980ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் ரோடிகர் என்ற அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே ஒரு கேள்வியை வைத்தார். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்கிற பெருங்குடல் புண்நோய், குடலின் உள்தோல் ஆற்றல் இல்லாமல் வாடுவதால் வருகிறதா? அதுவரை அந்த நோயைத் தாக்குதலாகத்தான் பார்த்து வந்தார்கள். நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சொந்தக் குடலையே தாக்குகிறது, ஆகவே அதை அடக்கு, ஸ்டீராய்டு கொடு. இன்றைக்கும் சிகிச்சையின் அடிப்படை அந்த அடக்குதல்தான். அது எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறது. ரோடிகரின் கவனம் வேறு பக்கம் போயிற்று. அடி வாங்குகிற செல், அடிக்கு முன்னால் எந்த நிலையில் இருந்தது? அதற்குச் சாப்பாடு கிடைத்ததா?

உடம்பின் பெரும்பாலான செல்கள் இரத்தம் கொண்டுவந்து தருவதைத் தின்று வாழ்கின்றன. பெருங்குடலின் உள்சுவர்ச் செல்கள் அப்படி இல்லை. நாம் செரிக்க முடியாமல் கீழே தள்ளிவிட்ட நார்ச்சத்தையும் எஞ்சிய மாவுச்சத்தையும் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கின்றன. அதிலிருந்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் பிறக்கின்றன. ஊசிப்போன வெண்ணெயின் நாற்றம் பியூட்டிரிக் அமிலத்தின் நாற்றம்தான். அந்த நாற்றப் பொருளே பெருங்குடல் செல்லுக்குச் சோறு. தனக்கு வேண்டிய ஆற்றலில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை அது பியூட்டிரேட்டை எரித்தே பெறுகிறது. அதாவது நம் உடம்பின் ஒரு பகுதி, நாம் உண்பதை நேரடியாக உண்பதில்லை. நமக்குள் வாழும் வேறு உயிர்கள் உண்டு முடித்து விட்டுவைப்பதை உண்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது உடம்பைப் பற்றி எனக்கிருந்த எண்ணம் ஒன்று அடியோடு மாறியது. ‘என் உடம்பு’ என்று சொல்வதன் எல்லை எங்கே முடிகிறது என்று இப்போது எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த குடல்களிலிருந்து ரோடிகர் அந்தச் செல்களைப் பிரித்தெடுத்துப் பார்த்தார். புண்நோய் உள்ளவர்களின் செல்கள் பியூட்டிரேட்டைக் குறைவாகவே எரித்தன. அதற்குப் பதிலாகக் குளுக்கோஸையும் குளுட்டமினையும் கூடுதலாக எரித்தன. நோய் தணிந்திருந்த குடலிலும் இந்தக் குறை தெரிந்தது. அதனால்தான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. புண்ணால் பசி வந்ததா, பசியால் புண் வந்ததா?

மனித நோயாளியை வைத்து இதற்கு விடை காண்பது மிகவும் கடினம். அவர் மருத்துவமனைக்கு வரும்போது நோய் தொடங்கி மாதங்கள் ஆகியிருக்கும். மூலம் என்று எண்ணிக் களிம்பு தடவியிருப்பார், அமீபா என்று மாத்திரை விழுங்கியிருப்பார், ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டிருப்பார், பயத்தில் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்திருப்பார். இரத்தத்திலும் சிறுநீரிலும் மலத்திலும் உள்ள வேதிப்பொருட்களை அளந்தால் மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் தெரியும். நோயின் காரணம் எது, விளைவு எது, மருந்தின் வேலை எது, பட்டினியின் வேலை எது என்று பிரிக்க வழியில்லை. நோய்க்கு முந்தைய நாளில் நமக்குப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நோயாளி ஆய்வகச் சுண்டெலிதான்.

1990இல் ஜப்பானில் ஒகயாசுவும் சக ஆய்வாளர்களும் சுண்டெலியில் இந்த நோயை ஒத்த ஒன்றை உண்டாக்கும் எளிய முறையை வெளியிட்டார்கள். டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் சோடியம் என்ற உப்பை, சுருக்கமாக டி.எஸ்.எஸ்., குடிநீரில் கரைத்து வைப்பது. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். எலி தாகத்துக்குக் குடிக்கும். இருபது, இருபத்தைந்து கிராம் எடையுள்ள உயிர் அது. தினமும் காலையில் வாலைப் பிடித்துத் தூக்கித் தராசில் வைத்து எடை குறித்துக்கொள்வார்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது. பிறகு புழுக்கை இளகும். கூண்டின் மரத்தூளில் ஒட்டிக்கொள்ளும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் முதலில் சோதனைத் தாளில் தெரியும், அடுத்த நாள் ஆசனவாயிலேயே தெரியும். எடை சரியும். முதுகு கூன்போட்டு, மயிர் சிலிர்த்து, கூண்டின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துவிடும். எடை இழப்பு, மலத்தின் இளக்கம், இரத்தம் ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி, ஒரே எண்ணாக எழுதிக்கொள்வார்கள். ஏழாம் நாள் வாக்கில் எலியைக் கொன்று பெருங்குடலை எடுத்து அளவுகோலின் மேல் நீட்டி வைப்பார்கள். நல்ல குடலில் புழுக்கைகள் தனித்தனியாக இடைவெளி விட்டுத் தெரியும். அழன்ற குடல் தடித்து, சிவந்து, சென்டிமீட்டர் கணக்கில் குட்டையாகிப் போயிருக்கும்.

இது மனிதருக்கு வரும் நோய் இல்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். டி மற்றும் பி வகை வெள்ளணுக்கள் அறவே இல்லாத எலிகளுக்கும் டி.எஸ்.எஸ். கொடுத்தால் குடல் புண்ணாகிறது. ஆகவே அடிப்படையில் இது குடலின் உள்தோலில் நாம் வேண்டுமென்றே உண்டாக்கும் காயம். ஆனால் ரோடிகரின் கேள்விக்கு இந்தக் குறையே உதவியாகிறது. காயம் எந்த நாளில் தொடங்கியது என்று நமக்குத் தெரியும். அந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் செல் என்ன தின்கிறது என்று பார்க்கலாம்.

அதைப் பார்த்த இடம் வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இரைப்பைக் குடல் துறையில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அகமது, கிருஷ்ணன், மத்தன், புளிமூட் முதலான சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டு ‘கட்’ என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ராமகிருஷ்ணா அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருந்த ரோடிகரோடு சேர்ந்து ஆய்வுக்கட்டுரை எழுதியவர். கேள்வியின் மூலத்திலிருந்தே வந்தவர் என்று சொல்லலாம். சுவிஸ் வெள்ளை எலிகளுக்கு 4 விழுக்காடு டி.எஸ்.எஸ். கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். பெருங்குடல் செல்களைப் பிரித்து, கதிரியக்கக் கார்பன் அணு பொருத்திய பியூட்டிரேட்டில் ஊறவைத்தார்கள். செல் அதை எரித்தால் கரியமில வாயு வெளிவரும். அந்த வாயுவில் கதிரியக்கம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினால் செல் எவ்வளவு சாப்பிட்டது என்று தெரிந்துவிடும்.

ஆரோக்கியமான எலியின் செல்கள், ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு மணிக்கு 0.406 மைக்ரோமோல் பியூட்டிரேட்டை எரித்தன. ஏழு நாள் டி.எஸ்.எஸ். குடித்த எலியின் செல்கள் எரித்தது 0.177. பாதிக்கும் கீழே. குளுக்கோஸ் எரிப்போ 0.027இலிருந்து 0.060 ஆக, இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடியிருந்தது. லாக்டேட் பெருகியிருந்தது. ரோடிகர் மனிதக் குடலில் பார்த்த அதே கோலம். பியூட்டிரேட்டின் செறிவைக் கூட்டிக்கொண்டே போனபோது நோயுற்ற செல்களும் கூடுதலாக எரித்தன. ஆனால் எவ்வளவு கூட்டியும் ஆரோக்கியச் செல்களின் அளவை எட்டவில்லை. பந்தியில் இலைபோட்டுப் பரிமாறிய பிறகும் கையைத் தூக்கி வாயில் வைக்கத் தெம்பில்லாதவனுடைய பசி இது.

அந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் இந்த எண்கள் அல்ல. நாள்வரிசையைப் பற்றிய பகுதி. திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது காயம் முதல் சில நாட்களிலேயே அங்கங்கே திட்டுத்திட்டாகத் தெரிந்தது. பியூட்டிரேட் எரிப்பில் குறை அளவிடும்படி வந்தது ஆறு நாள் கழிந்த பிறகுதான். நல்ல செல்லின் மேல் நேரடியாக டி.எஸ்.எஸ்.ஸை ஊற்றிப் பார்த்தார்கள். எரிப்பு குறையவில்லை. எனவே அந்த உப்பு செல்லின் அடுப்பை நேராக அணைக்கவில்லை. முதலில் புண், பிறகுதான் பசி. ரோடிகரின் கருதுகோளுக்கு எதிராக விழுந்த அந்த ஒரு முடிவை அவர்கள் கட்டுரையின் முடிவுரையிலேயே மறைக்காமல் எழுதினார்கள். அறிவியலில் நான் மதிக்கிற நேர்மை இதுதான்.

அப்படியென்றால் பசிக்கு இதில் பங்கே இல்லையா? இதைக் கேட்க எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பரிசோதனை தேவைப்பட்டது. காயம் எதுவும் இல்லாமல் பசியை மட்டும் உண்டாக்கிப் பார்க்க வேண்டும். கிருமியற்ற எலிகள் அதற்கென்றே இருக்கின்றன. பிறப்பிலிருந்து காற்று, தண்ணீர், தீவனம் எல்லாம் கிருமி நீக்கி, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்க்கும் எலிகள். குடலில் ஒரு பாக்டீரியாகூடக் கிடையாது. ஆகவே பியூட்டிரேட்டும் கிடையாது. 2011இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் டோனஹோவும் பல்ட்மனும் இவற்றின் பெருங்குடல் செல்களைப் பார்த்தார்கள். ஆற்றல் வற்றிப் போயிருந்தது. செல்கள் தம் உள்ளுறுப்புகளையே செரித்துத் தின்னத் தொடங்கியிருந்தன. பியூட்டிரேட்டைக் கொடுத்ததும் அந்தத் தன்னுண்ணல் நின்றது. ஆனால் இந்த எலிகளுக்குக் குடல் அழற்சி தானாக வருவதில்லை. பசி மட்டும் இருந்தால் நோய் இல்லை. காயத்தோடும் பாக்டீரியாவோடும் பசி சேர்ந்துகொள்ளும்போதுதான் விஷயம் கெடுகிறது.

எப்படிக் கெடுகிறது என்பதில் ஆக்ஸிஜன் வருகிறது. பியூட்டிரேட்டை எரிக்க ஆக்ஸிஜன் நிறைய வேண்டும். நல்ல குடல்சுவர், இரத்தத்திலிருந்து வரும் ஆக்ஸிஜனைத் தானே தின்று தீர்த்து, உள்ளே ஒழுகவிடாமல் பார்த்துக்கொள்கிறது. உள்ளே வாழும் பியூட்டிரேட் தயாரிப்பாளர்களுக்கு ஆக்ஸிஜன் நஞ்சு. கலிபோர்னியாவின் டேவிஸில் போய்ம்லரின் குழு 2013இலும் 2017இலும் வெளியிட்ட எலி ஆய்வுகள் இந்த ஏற்பாடு உடையும் விதத்தைக் காட்டின. செல் பியூட்டிரேட்டை விட்டுவிட்டுக் குளுக்கோஸுக்கு மாறினால் ஆக்ஸிஜன் உள்ளே கசிகிறது. அழன்ற திசு நைட்ரேட்டையும் வெளியிடுகிறது. இரண்டையும் வைத்துப் பிழைக்கத் தெரிந்த ஈ. கோலி வகையறாக்கள் பெருகுகின்றன. ஆக்ஸிஜனைத் தாங்காதவை மறைகின்றன. அவை மறைந்தால் பியூட்டிரேட் இன்னும் குறைகிறது. புண்ணால் தொடங்கிய பசி, புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கிறது. ரோடிகரின் கேள்விக்கு என் பதில் இது: பசி இந்த நோயை ஆரம்பித்து வைக்கவில்லை, ஆனால் முடியவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் பியூட்டிரேட்டை எனிமாவாகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். தோன்றத்தான் செய்தது. மலம் செல்லாதபடி அறுவையில் பிரித்துவிட்ட குடல் துண்டில் அழற்சி வருவதுண்டு. அதைக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களால் கழுவியபோது ஆறியது என்று 1989இலேயே ஒரு சிறு ஆய்வு காட்டியது. ஆனால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளிடம் பலன் ஒரே மாதிரி இல்லை. சில ஆய்வுகளில் குணம் தெரிந்தது, சிலவற்றில் வெறும் உப்புத்தண்ணீரைவிடப் பெரிதாக எதுவும் இல்லை.

ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் 2016இல் செயின்ட் லூயிஸிலிருந்து, கைகோ, ஸ்டாப்பன்பெக் குழுவிடமிருந்து வந்தது. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் அழகானது என்று இதைத்தான் சொல்வேன். பெருங்குடலின் உள்சுவர் சமதளம் அல்ல. கோடிக்கணக்கான நுண்குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை பிளந்து பிளந்து புதுச்செல்களை உண்டாக்க, அந்தப் புதுச்செல்கள் சுவர் வழியே மேலேறி, சில நாள் வாழ்ந்து உதிர்கின்றன. மேலே இருக்கும் முதிர்ந்த செல்களுக்குப் பியூட்டிரேட் உணவு. அடியில் இருக்கும் ஸ்டெம் செல்களுக்கு அதே பியூட்டிரேட் தடை. அவை பிளவுபடுவதை அது நிறுத்துகிறது. மேலே உள்ளவை தின்று தீர்ப்பதால்தான் குழியின் அடிக்கு அது இறங்குவதில்லை. குழியின் வடிவமே ஸ்டெம் செல்லுக்குக் காவல். புண் வந்து மேல்செல்கள் உதிர்ந்துபோனால் அடிப்பகுதி திறந்துகிடக்கும். அப்போது பியூட்டிரேட்டைக் கொட்டினால் காயம் ஆறுவது தாமதமாகிறது என்று எலியில் பார்த்தார்கள். ஆரோக்கியத்தில் உணவாக இருப்பது காயத்தில் இடைஞ்சலாகிறது. ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியே அரைகுறை. எந்தச் செல்லுக்கு, நோயின் எந்த நாளில் என்பதும் சேர்ந்தால்தான் அது கேள்வியாகிறது.

பியூட்டிரேட்டோடு கதை முடிந்துவிடுவதில்லை. காந்த அதிர்வு நிறமாலைக் கருவியில் ஒரு சொட்டுச் சிறுநீரையோ இரத்த நீரையோ வைத்தால் பல்வேறு வளர்சிதைப் பொருட்களின் அளவுகள் ஒரே வீச்சில் கிடைக்கின்றன. அழற்சியுற்ற எலியின் இரத்தத்தில் குளுட்டமின் குறைகிறது. கிரோன் என்ற மற்றொரு குடல் அழற்சி நோய் உள்ளவர்களின் சிறுநீரில் ஹிப்யூரேட் குறைந்திருப்பது தெரியவந்தது. தாவர உணவிலிருந்து குடல் பாக்டீரியாக்கள் எடுத்துக்கொடுக்கும் மூலப்பொருளை வைத்துக் கல்லீரல் செய்வது அது. டிரிப்டோஃபானின் கதை இன்னும் ஆழமானது. 2012இல் வியன்னாவின் பென்னிங்கர் குழு, ஏ.சி.இ.2 என்ற புரதம் இல்லாத எலிகளுக்கு டிரிப்டோஃபானை உறிஞ்ச முடியாமல் போவதையும், டி.எஸ்.எஸ். கொடுத்தால் அவற்றுக்கு நோய் மிகக் கடுமையாவதையும் காட்டியது. டிரிப்டோஃபானையோ நிகோட்டினமைடையோ வேறு வழியில் கொடுத்தபோது நோய் தணிந்தது. பிற்காலத்தில் கொரோனா வைரஸ் நுழையும் வாசலாக உலகமே பெயர் தெரிந்துகொண்ட அதே ஏ.சி.இ.2 தான் இது. சரியாகச் சாப்பிடாதவர்களுக்குக் குடல் ஏன் கெடுகிறது என்பதற்கு ஒரு மூலக்கூறு வழி கிடைத்தது.

இந்த இடத்தில் எலி ஆய்வுகளை வாசிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். நோயுற்ற எலி சாப்பிடாது. சாப்பிடாத எலியின் இரத்தமும் சிறுநீரும் எப்படியும் மாறும். குளுட்டமின் குறைந்தது அழற்சியாலா, பட்டினியாலா? இதைப் பிரிக்க ஒரே வழி, நோயுற்ற எலி எவ்வளவு தின்றதோ அவ்வளவே தீவனத்தை ஆரோக்கியமான எலிக்கும் அளந்து வைத்து இரண்டையும் ஒப்பிடுவது. இதைச் செய்யாத ஆய்வுகள் நிறைய. அவற்றின் நீண்ட அட்டவணைகளை நான் நம்புவதில்லை.

இன்னும் இருக்கிறது. சுண்டெலி தன் புழுக்கையைத் தானே தின்னும். ஒரே கூண்டில் இருக்கும் எலிகள் ஒன்றன் புழுக்கையை மற்றொன்றும் தின்னும். ஆகவே ஒரு கூண்டின் எலிகள் அத்தனைக்கும் குடல் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். நோய்க்குழுவை ஒரு கூண்டிலும் ஒப்பீட்டுக் குழுவை இன்னொரு கூண்டிலும் வைத்துவிட்டுக் கிடைத்த வேறுபாட்டை நோயின் வேறுபாடு என்று எழுதினால் அது கூண்டின் வேறுபாடாகவும் இருக்கலாம். எலி இரவில் தின்கிற உயிர், நாமோ பகலில் அதன் இரத்தத்தை எடுக்கிறோம். அதற்கு 30 டிகிரி வாக்கில்தான் சுகம். ஆய்வகத்தில் 22 டிகிரியில் குளிரில் வைக்கிறோம். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே அது ஓயாமல் எரித்துக்கொண்டிருக்கிறது. ‘பிளாக் 6’ என்று ஆய்வகத்தார் கூப்பிடும் கறுப்பு எலிதான் பெரும்பாலும் பயன்படுகிறது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் வளர்ந்த அதன் கிளைக்கு மைட்டோகாண்ட்ரியாவின் நொதி ஒன்று மரபணுக் குறையால் பிறவியிலேயே இல்லை. செல்லின் எரிப்பைப் பற்றி ஆராய எடுத்த எலிக்கே எரிப்பில் ஊனம். 2009இல் தெரியவந்தது மற்றொன்று. ஒரு நிறுவனத்தில் வாங்கிய எலியின் குடலில் இருக்கும் ஒரு பாக்டீரியா இன்னொரு நிறுவனத்து எலியில் இல்லை. அதனாலேயே இரண்டின் குடலிலும் வெள்ளணுக்களின் வகைகள் வேறு. எலி எங்கிருந்து வந்தது, என்ன தின்றது, யாரோடு இருந்தது என்று எழுதாத கட்டுரையைப் பாதிக் கட்டுரை என்றே கருத வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் எலியை நான் கைவிடச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இண்டர்லியூக்கின்–10. 1993இல் ஜெர்மனியின் கொலோனில், ராயெவ்ஸ்கி, முல்லர் குழுவினர் இந்த ஒற்றை மரபணுவை நீக்கிய எலிகளை வளர்த்தார்கள். அழற்சியைத் தணிக்கச் சொல்லும் சமிக்ஞை அது. அது இல்லாத எலிகளுக்குக் காயம் எதுவும் செய்யாமலே குடல் அழற்சி வந்தது. கிருமிகள் குறைந்த சூழலில் வளர்த்தவற்றுக்கு நோய் மட்டுப்பட்டிருந்தது. பிறகு கிருமியே இல்லாமல் வளர்த்தபோது நோயே வரவில்லை. பதினாறு ஆண்டு கழித்து, 2009இல், பிறந்த சில மாதங்களிலேயே குடல் முழுக்கப் புண்ணாகி எந்த மருந்துக்கும் அடங்காத குழந்தைகளை ஆராய்ந்தபோது, சிலருக்கு அதே சமிக்ஞையை வாங்கும் ஏற்பியின் மரபணுவில் பழுது இருந்தது. ஒரு குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை மாற்றிப் பொருத்தினார்கள். நோய் தணிந்தது. கொலோன் எலிகள் இல்லாவிட்டால் எந்த மரபணுவைத் தேடுவது என்பது இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. இதை மறுத்துவிட்டு எலி ஆய்வுகளைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

அதே எலிகளுக்கு 2012இல் சிகாகோவில் பால்கொழுப்பு நிறைந்த தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். பால்கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் டாரின் சேர்ந்த பித்த அமிலங்களைக் கூடுதலாகச் சுரந்தது. டாரினில் கந்தகம் உண்டு. கந்தகத்தை நம்பி வாழும் பைலோஃபிலா என்ற பாக்டீரியா பெருகியது, அழற்சி கூடியது. அதே அளவு கொழுப்பைக் குசும்ப எண்ணெயாகக் கொடுத்தபோது அப்படி ஆகவில்லை. மரபணு முழுமையாக உள்ள எலிகளுக்கோ பால்கொழுப்பாலும் நோய் வரவில்லை. 2016இல் மிச்சிகனிலும் லக்சம்பர்க்கிலும் இருந்த ஆய்வாளர்கள், கிருமியற்ற எலிகளின் குடலில் மனிதருடைய பாக்டீரியாக்கள் பதினான்கை மட்டும் குடியேற்றி, தீவனத்திலிருந்து நாரை எடுத்துவிட்டார்கள். தின்ன நார் கிடைக்காத பாக்டீரியாக்கள் குடல்சுவரைக் காக்கும் சளிப்படலத்தைத் தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது. பிறகு வந்த தொற்று சுவரைச் சுலபமாகத் தொட்டது. விருந்தாளிக்குச் சோறு போடாவிட்டால் வீட்டுக்கே ஆபத்து என்கிற நிலை.

எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பல வருடங்களாக இந்த நோய். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் எழுந்திருக்கும் முன் அவர் கேட்கும் கடைசிக் கேள்வி ஒன்றுதான். “என்ன சாப்பிடலாம் டாக்டர்?” கிடைக்கும் பதிலும் ஒன்றுதான். “ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க சார்.” மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் அதைவிட உறுதியான பதில் இல்லை. நார் நல்லது என்று எலி சொல்கிறது. ஆனால் நோய் முற்றியிருக்கும்போது சிலருக்கு நொதிக்கப்படாத நாரே அழற்சியைத் தூண்டுகிறது என்று கனடா ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. கிரோன் நோயுள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேறு எதுவுமில்லாமல் திரவ உணவை மட்டும் கொடுத்தால், ஸ்டீராய்டு கொடுத்ததற்கு இணையாக நோய் தணிகிறது. இது உறுதியாக நிறுவப்பட்ட சிகிச்சை. வியப்பு என்னவென்றால், அந்த நாட்களில் அவர்கள் குடலில் பியூட்டிரேட்டும் அதைத் தயாரிக்கும் பாக்டீரியாக்களும் குறைகின்றன, குடலோ ஆறுகிறது. மேலே நான் அடுக்கிய காரண வரிசைக்குள் இது அடங்கவில்லை. அடங்காததை அடங்காததாகவே விட்டுவைக்கிறேன். செயின்ட் லூயிஸின் நுண்குழிகளில் இதற்குக் கொஞ்சம் விளக்கம் இருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே.

நம் பக்கத்தில் பழைய சோறு பற்றிய பேச்சு இந்த நோயோடு சேர்ந்து வருகிறது. அதில் உண்மை உண்டு. வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவுக்கு இரையாகிறது. செரிக்காத மாவுக்குள் மருத்துவம் இருக்கிறது என்பதையும் வேலூர்தான் காட்டியது. எலி ஆய்வு வந்த அதே 2000ஆம் ஆண்டு, ராமகிருஷ்ணா குழு 48 காலரா நோயாளிகளிடம் செய்த ஆய்வை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்டது. உப்பு–சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத மக்காச்சோள மாவைக் கலந்து கொடுத்தபோது வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது. பெருங்குடலில் அது கொழுப்பு அமிலமாகி, உப்பையும் நீரையும் உறிஞ்ச வைத்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு கொடுத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்றையும் அண்மை ஆண்டுகளில் எடுத்துக்கொண்டார்கள். இது சரியான திசை. பழைய சோறு நம் பாட்டன் பூட்டன் சாப்பிட்டது என்பதற்காக நல்லதாகிவிடாது. அளந்து பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்து, யாருக்கு எப்போது பலிக்கிறது, யாருக்குப் பலிக்கவில்லை என்று சொன்னால்தான் அது மருந்துக்கு இணையாக நிற்கும். ஊசி மருந்து ஒன்றைச் சோதிக்க ஆகும் செலவில் சிறு பங்கு போதும். அதைச் செலவழிக்கக் கம்பெனிகள் முன்வராது, ஏனென்றால் சோற்றுக்குக் காப்புரிமை இல்லை. அரசும் பொது நிதியும்தான் செய்ய வேண்டும். இத்தனை எலிகளைத் தாகத்துக்கு உப்பு குடிக்க வைத்துத் தெரிந்துகொண்டதை நோயாளியின் தட்டு வரைக்கும் கொண்டுபோகாவிட்டால், அந்த உயிர்களுக்கு நாம் செய்தது அநியாயம்.

இதைப் படிக்கிறவர்களில் இந்த நோய் உள்ளவர்கள் இருப்பீர்கள். தினமும் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை தடவை போனீர்கள், இரத்தம் இருந்ததா, எடை எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி அடுத்த முறை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உணவு ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். நோய் அடங்கியிருக்கும்போதும் கிளம்பியிருக்கும்போதும் ஒரே உணவு பொருந்தாது என்பதை மனத்தில் வையுங்கள். எலியில் பலித்தது என்று எங்காவது படித்துவிட்டு, நான் எழுதியதைப் படித்துவிட்டும்கூட, மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.